வாசலில் ஒருவர், வழியில் எழுவர்

பணி முடித்துத் திரும்பிய திருத்தூதரை இயேசு ஓய்வுக்கு அழைத்த நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உண்பதற்கும் நேரம் கிடைக்காதபடி மக்கள் வருவதும் போவதுமாய் இருந்தனர். தனிமையான ஓர் இடம், தம் தோழரோடு சிறிது நேரம். தலைவர் விரும்பியது அவ்வளவே. படகேறிப் புறப்பட்டனர். ஆனால் கரை சேர்ந்தபோது, கால்நடையாய் ஓடிவந்த கூட்டம் அவர்களுக்கு முன்னரே அங்கே நின்றது. ஓய்வு தொடங்குமுன்பே முடிந்துபோயிற்று.

இப்பகுதியை விளக்கும் மறையுரைகள் பெரும்பாலும் இயேசுவின் பரிவோடு நின்றுவிடுகின்றன. அது பொருத்தமே. ஆயினும் அன்று ஓய்வை இழந்தவர் இயேசு ஒருவர் மட்டும் அல்லர், பன்னிருவரும் இழந்தனர். தலைவருக்கு வரும் அழைப்பு, அவரோடு அமர்ந்திருப்பவர்களையும் எழுப்பிவிடுகிறது. அப்போது அவர்களுக்கு அந்த அழைப்பில் என்ன பங்கு? தலைவர் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டுந்தானா? இக்கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு திரைப்படத்தைப் பார்ப்போம்.

பிரெஞ்சு இயக்குநர் சவியே போவ்வா உருவாக்கி 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆஃப் காட்ஸ் அண்ட் மென்' என்ற படமே அது. கான் திரைப்பட விழாவில் அவ்வாண்டின் கிராண்ட் பிரீ விருதைப் பெற்றது. கத்தோலிக்க உலகில் இப்படத்தைப் பாராட்டாதோர் குறைவு. பாராட்டியோர் பெரும்பாலும் இதனை மறைசாட்சியத்தின் காவியமாகவே கண்டனர். என் கணிப்பு சற்று வேறு. சாவதற்குத் துணிந்த மனிதர்களை விட, ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒருவரையொருவர் கேட்கக் கற்றுக்கொண்ட மனிதர்களைப் பற்றிய படம் இது. குறிப்பாக, அந்த மேசையில் தலைவராய் இருந்தவர் கற்றுக்கொண்டதைப் பற்றிய படம்.

நிகழ்ந்தது

அல்ஜீரியாவில் மேதேயா நகருக்கு அருகே, அட்லஸ் மலைத்தொடரில், திபிரின் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே அட்லஸ் அன்னையின் பெயரால் அமைந்த டிராப்பிஸ்ட் துறவு மடத்தில் பிரெஞ்சுத் துறவியர் சிலர் வாழ்ந்துவந்தனர். சுற்றிலும் இஸ்லாமியக் குடும்பங்கள். துறவியர் உழுதனர், தேன் எடுத்தனர், செபித்தனர். அவர்களுள் ஒருவரான மருத்துவர் லூக், 1946 முதல் அவ்வூராருக்கு இலவசமாய் மருத்துவம் பார்த்துவந்தார். 1984-இல் மடத்தலைவராய்த் தேர்ந்தெடுக்கப்பட்ட கிறிஸ்தியான் த ஷெர்ஷே, இளமையில் பிரெஞ்சு இராணுவ அதிகாரியாய் அதே நாட்டில் பணியாற்றியவர். அந்நாள்களில் அவருடைய உயிரைக் காப்பாற்றிய இஸ்லாமிய நண்பர் ஒருவர், அதன் காரணமாகவே கொல்லப்பட்டார். அந்தக் கடனை வாழ்நாளெல்லாம் சுமந்தவர் கிறிஸ்தியான்.

1990-களில் அல்ஜீரியா உள்நாட்டுப் போரில் மூழ்கியது. 1993 டிசம்பரில், மடத்திற்கு அருகே வேலை செய்துவந்த குரோவாசியத் தொழிலாளர் பன்னிருவர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டனர். பத்து நாள் கழித்து, கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவில், ஆயுதமேந்தியோர் மடத்திற்கே வந்தனர். அன்று திரும்பிச் சென்றனர். 1996 மார்ச் 26-க்கும் 27-க்கும் இடைப்பட்ட இரவில் வந்தவர்களோ எழுவரைக் கடத்திச் சென்றனர். இருவர் மட்டும் தப்பினர். கடத்தப்பட்டோர் மே மாதத்தில் கொல்லப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அவர்களைக் கொன்றவர் யார் என்ற கேள்வி இன்றளவும் முழுமையாய்த் தீரவில்லை. அந்நாட்டில் உயிர் ஈந்த பத்தொன்பது மறைசாட்சிகளுள் எழுவராக அவர்கள் 2018 டிசம்பர் 8 அன்று ஓரான் நகரில் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டனர்.

இவ்வரலாற்றிலிருந்து போவ்வா எடுத்துக்கொண்டவை இரண்டு இரவுகள். அவற்றிற்கு இடையே ஒரு மேசை.

முதல் இரவு

கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவு. துறவு வாழ்வில் ஆண்டு முழுவதும் காத்திருந்து அடையும் மகிழ்ச்சி அது. அந்த நேரத்தில் துப்பாக்கிகளோடு உள்ளே நுழைகிறார்கள். மடத்தலைவர் எங்கே என்று கேட்கிறார்கள். கிறிஸ்தியான் வருகிறார். இது அமைதியின் இல்லம், இங்கே ஆயுதத்திற்கு இடமில்லை, பேசவேண்டுமானால் வெளியே பேசுவோம் என்று அவர்களை வாசலுக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். காயம்பட்ட தோழருக்காக மருத்துவர் லூக் தங்களோடு வரவேண்டும் என்கிறான் குழுத்தலைவன். அவர் முதியவர், நோயாளி, வர இயலாது. நோயுற்றோர் எவராயினும் இங்கு வந்தால் மருத்துவம் செய்வார் என்கிறார் கிறிஸ்தியான். மருந்து கேட்கிறான். ஊராருக்கே போதவில்லை என்று மறுக்கிறார். குருக்களையும் துறவியரையும் கொண்ட கிறிஸ்தவர்களை அன்பில் நெருங்கியோர் எனக் கூறும் குர்ஆன் வசனத்தை அவர் தொடங்க, எதிரே நிற்பவன் அதனை முடிக்கிறான். இன்று அமைதியின் அரசர் பிறந்த இரவு என்று அறிந்ததும் வருத்தம் தெரிவித்துக் கையை நீட்டுகிறான். ஒரு கணம் தயங்கிவிட்டு, கிறிஸ்தியான் அக்கையைப் பற்றுகிறார்.

இக்காட்சியில் லாம்பெர் வில்சனின் நடிப்பு குறிப்பிடத்தக்கது. குரலை உயர்த்தவில்லை, முகத்தில் வீரம் காட்டவில்லை. வந்தவர்கள் போனபின் அவர் உடல் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறது. பின்னர் துறவியர் விழிப்பு வழிபாட்டைத் தொடங்குகின்றனர். ஆபத்து விலகியதும் அவர்கள் செய்த முதற்செயல், நிறுத்தி வைத்திருந்த செபத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்ததே. வெறித்தனத்திற்கு எதிராக அன்றாட ஒழுங்கை விட வலிமையான விடை வேறில்லை என்பதைப் படம் ஒரு சொல்லும் இன்றி உணர்த்துகிறது.

ஆயினும் விமர்சகன் இங்கே கைதட்டிவிட்டு எழுந்துவிடலாகாது. வாசலில் நின்றவர் ஒருவர் மட்டுமே. மற்றவர்கள் உள்ளே காத்திருந்தனர். அந்த நேரத்தில் வேறு வழியில்லை. கலந்தாய்வுக்கு அவகாசம் கொடுக்கும் துப்பாக்கி எங்கும் இல்லை. ஆனால் இந்த ஒற்றைத் துணிவு அந்த இரவில் மட்டும் தோன்றியதா?

மேசை

படத்தின் முற்பகுதியில் இன்னொரு காட்சி உண்டு. அதிகாரிகள் மடத்திற்கு இராணுவக் காவல் அளிக்க முன்வருகின்றனர். கிறிஸ்தியான் உடனே மறுத்துவிடுகிறார். மறுப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. காவல் வந்தால் மடம் ஒரு தரப்பின் கோட்டையாகிவிடும். ஊராருக்கு இல்லாத பாதுகாப்பு துறவியருக்கு மட்டும் ஏன் என்ற கேள்வியும் எழும். ஆயினும் சகோதரர் மேசையைச் சுற்றி அமர்ந்தபோது அவர்கள் முகங்களில் மகிழ்ச்சி இல்லை. நீர் தனியே முடிவெடுப்பதற்காக உம்மைத் தேர்ந்தெடுக்கவில்லை என்னும் பொருள்பட ஒருவர் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். முடிவு தவறு என்பதன்று முறையீடு. முடிவு எடுக்கப்பட்ட முறையே முறையீடு.

என் பார்வையில் படத்தின் திறவுகோல் இதுவே. வாசலில் நம்மை வியக்கவைக்கும் துணிவும், மேசையில் சகோதரரைப் புண்படுத்தும் துணிவும் ஒரே வேரிலிருந்து வருபவை. கிறிஸ்தியான் தம் மனத்தில் உறுதியாய் இருந்தார். உறுதியான தலைவருக்கு வரும் சோதனை கோழைத்தனம் அன்று. பிறர் மனத்தையும் தம் மனமே என்று எண்ணிவிடுவதுதான். நல்ல தலைவர்களே இச்சோதனையில் எளிதில் வீழ்கின்றனர். கெட்ட தலைவரைக் கேள்வி கேட்பது எளிது. தவறாத தலைவரைக் கேள்வி கேட்க நமக்கே கூச்சமாய் இருக்கிறது.

டிராப்பிஸ்ட் துறவியர் புனித பெனடிக்டின் சட்டநூலின்படி வாழ்பவர்கள். ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அச்சட்டநூலின் மூன்றாம் அதிகாரம், மடத்தில் முக்கியமான காரியம் எழும்போதெல்லாம் தலைவர் அனைவரையும் கூட்டி ஆலோசனை கேட்கவேண்டும் என்கிறது. இளையவர்களையும் விடலாகாது; சிறந்ததை இறைவன் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று காரணமும் தருகிறது. இறுதி முடிவு தலைவருடையதே; ஆனால் கேட்டபின் எடுத்த முடிவாய் அது இருக்கவேண்டும். ஆகவே அந்தச் சகோதரர் பேசியது புரட்சி அன்று. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைமையான தம் சபையின் ஒழுங்கையே தலைவருக்கு நினைவூட்டினார்.

அதன்பின் படம் அவசரப்படவில்லை. தங்குவதா, வெளியேறுவதா என்ற கேள்வி மேசைக்கு வருகிறது. வெளியேற விரும்புவோரும் உள்ளனர். அவர்களைக் கோழைகளாய்ப் படம் சித்திரிக்கவில்லை. நோயாளி ஒருவர், குடும்பத்தை நினைப்பவர் ஒருவர், வீணாய்ச் சாவதற்கு நான் துறவியாகவில்லை என்று கலங்குபவர் ஒருவர். இளைய துறவி கிறிஸ்தோஃப் இரவில் தம் அறையில் இறைவனை நோக்கிக் கதறுவது சுவர் கடந்து மற்றவர்களின் காதில் விழுகிறது. பின்னர் கிறிஸ்தியான் அவரோடு நடந்துகொண்டே பேசும் காட்சியைக் கவனியுங்கள். கட்டளையிடவில்லை. பெரிதும் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன் உயிரைக் கிறிஸ்துவிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டாய் அல்லவா என்று மென்மையாய் நினைவூட்டுகிறார். இராணுவக் காவலை ஒரே மூச்சில் மறுத்த மனிதர் இவர்தானா என்று நாம் வியக்கிறோம்.

ஊராரும் மேசையில் தங்கள் சொல்லை வைக்கின்றனர். நாங்கள் கிளையில் அமர்ந்த பறவைகளைப் போன்றவர்கள், எப்போது பறப்போமோ தெரியாது என்று துறவி ஒருவர் சொல்ல, பறவைகள் நாங்களே, கிளை நீங்கள் என்று அவ்வூர்ப் பெண்ணொருத்தி உவமையைத் திருப்பிவிடுகிறாள். துறவியரின் இறையியல் முழுவதையும் அந்தப் பெண் ஒரு நொடியில் திருத்திவிட்டாள். இறுதியில் மீண்டும் ஒவ்வொருவராய்க் கருத்துச் சொல்லும்போது, அனைவரும் தங்குவதென்றே சொல்கின்றனர். முதலில் தலைவரிடம் மட்டும் இருந்த உறுதி இப்போது அனைவரிடமும் இருக்கிறது. எவரும் அதனை அவர்கள்மேல் சுமத்தவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் அச்சத்தின் வழியே நடந்து அதனை அடைந்தனர்.

இரண்டாம் இரவு

மொராக்கோவிலுள்ள கிளை மடத்திலிருந்து புரூனோ என்னும் துறவி வந்திருக்கிறார். கடிதங்களும் சில பொருள்களும் கொண்டுவந்திருக்கிறார். அன்று மாலை உணவின்போது மருத்துவர் லூக் இரண்டு புட்டி திராட்சை இரசத்தோடு வருகிறார். ஒலிநாடாவை இயக்குகிறார். சைக்கோவ்ஸ்கியின் 'அன்னப் பொய்கை' இசை ஒலிக்கிறது. டிராப்பிஸ்ட் மடங்களில் மௌனமாய் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே உண்பது வழக்கம். அன்று வாசிப்பிற்குப் பதிலாய் இசை. வழக்கமான பானத்திற்குப் பதிலாய் இரசம். ஆண்டுக்கணக்கில் இறுக்கமாய் வாழ்ந்தவர்கள் ஒரு மாலைக்குத் தளர்ந்து அமர்கிறார்கள்.

கரோலின் ஷாம்பெத்தியேயின் ஒளிப்பதிவு முகம் முகமாய் நகர்கிறது. புன்னகைகள் மெல்லக் கண்ணீராய் மாறுகின்றன. கண்ணீர் மீண்டும் புன்னகையாகிறது. உரையாடல் இல்லை. இவ்விருந்தில் கிறிஸ்தியான் ஒன்றும் சொல்வதில்லை. இசையைத் தொடங்கியவர் அவர் அல்லர். இரசத்தைக் கொண்டுவந்தவரும் அவர் அல்லர். மடத்தின் மூத்தவர் பரிமாறுகிறார், தலைவர் பெற்றுக்கொள்கிறார். கேமரா அவருக்கென்று தனி மரியாதை எதனையும் தரவில்லை. எத்தனை முகங்களோ, அத்தனையுள் அவரது முகமும் ஒன்று. முதல் இரவில் சட்டகத்தின் நடுவே தனித்து நின்றவர், இங்கே மேசையைச் சுற்றியுள்ள வட்டத்தில் கலந்துவிட்டார். ஒரு தலைவரின் வளர்ச்சியைத் திரைமொழியில் இதைவிடத் தெளிவாய்ச் சொல்லமுடியாது.

இதனைத் தொடர்ந்து வரும் இரவுக் காட்சியில் ஆயுதங்கள் மீண்டும் வருகின்றன. இம்முறை வாசலில் பேச்சுவார்த்தை இல்லை. முதியவர் அமெதே கட்டிலுக்கு அடியில் ஒளிந்து தப்புகிறார். எழுவர் வெண்பனி மூடிய மலைப்பாதையில் ஒருவர் பின் ஒருவராய் நடந்து மூடுபனிக்குள் மறைகின்றனர். கொலை காட்டப்படவில்லை. அந்நடையின்மீது, கிறிஸ்தியான் 1993 டிசம்பருக்கும் 1994 சனவரிக்கும் இடையே எழுதிவைத்திருந்த சாற்றுமடல் ஒலிக்கிறது. தம்மைக் கொல்லக்கூடியவனையும் நண்பன் என்று அழைத்து நன்றி சொல்லும் மடல் அது. தம் சாவின் பொருட்டு அல்ஜீரிய மக்களையும் இஸ்லாத்தையும் எவரும் பழிக்கலாகாது என்று வேண்டும் மடல். முதல் இரவில் அழைப்புக்கு விடைகொடுத்தவர் ஒருவர். இரண்டாம் இரவில் விடைகொடுத்தவர் எழுவர்.

குறைகள்

குறைகளையும் சொல்லவேண்டும். 'அன்னப் பொய்கை' மிகவும் அறிமுகமான இசை. முகங்களே போதுமான இடத்தில் அது நம் உணர்ச்சியைப் பிடித்து இழுக்கிறது. லூக் வேடத்தில் மைக்கேல் லான்ஸ்டேலின் கண்கள் செய்த வேலையை இசை மறுமுறை செய்கிறது. அந்தக் காட்சியில் கலங்காதவர் அரிது என்பது உண்மையே. ஆயினும் கலங்கியது முகங்களாலா இசையாலா என்று பார்ப்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. அந்தப் போரில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பொதுவாய் மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அல்ஜீரிய இஸ்லாமியரே. ஊராரைப் படம் அன்போடு காட்டுகிறது. ஆனால் பிற்பகுதியில் அவர்கள் மெல்ல மறைந்துபோகின்றனர். கிளை முறிந்தபின் பறவைகள் என்னவாயின என்று கேட்க ஒரு காட்சியும் இல்லை. பறவைகளைப் பற்றி அவ்வளவு அழகாய்ப் பேசிய படம், இறுதியில் கிளையை மட்டும் நினைத்து அழுகிறது.

மூன்றாவதாக, கிறிஸ்தியானின் இளமைக்காலத்து நண்பரைப் படம் தொடாமலே விட்டுவிட்டது. தங்குவதில் அவர் காட்டிய உறுதி ஒரு கொள்கைப் பிடிப்பு மட்டும் அன்று. தமக்காக உயிர் துறந்த ஓர் இஸ்லாமியருக்கு அவர் செலுத்திய நன்றியும் ஆகும். இதை அறிந்தவருக்கு அவரது பிடிவாதமும் புரிந்திருக்கும். அந்தப் பிடிவாதத்தைச் சகோதரருக்காக அவர் தளர்த்தியதன் விலையும் புரிந்திருக்கும்.

நம் மேசை

இனி, மாற்கு நற்செய்தியில் நாம் நிறுத்திவைத்த இடத்திற்குத் திரும்புவோம். பொழுது சாய்ந்தது. கூட்டத்தை அனுப்பிவிடுங்கள் என்கின்றனர் சீடர். களைத்தவர்களின் நியாயமான கோரிக்கை அது. இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. ஒதுக்கிவிட்டுத் தாமே எல்லாம் செய்யவும் இல்லை. நீங்களே அவர்களுக்கு உணவளியுங்கள் என்கிறார். உங்களிடம் எத்தனை அப்பங்கள் உள்ளன, போய்ப் பாருங்கள் என்கிறார். ஐந்து அப்பங்களைத் தேடிக் கண்டவர்கள் சீடர், பகிர்ந்தளித்தவர்கள் சீடர். குலைந்துபோன அந்த ஓய்வு மாலையை இயேசு தம் தோழரின் கைகளாலேயே விருந்தாக மாற்றினார்.

நம் பங்கு இல்லங்களில் இது பழகிய காட்சி. பங்குத்தந்தையும் உபதேசியாரும் பங்குப் பேரவையினர் சிலரும் மாலையில் ஓய்வாய் அமர்ந்திருப்பர். கதவு தட்டப்படும். நோயில்பூசுதல் வேண்டி ஒருவர் நிற்பார். தந்தை எழுந்து செல்வார். அவர் எழுந்து சென்றதை நாம் பெருமையாய்ப் பேசுவோம், பேசவும் வேண்டும். ஆனால் அவருடைய நாற்காலி காலியானபின் மேசையில் மிஞ்சியவர்கள் நாம். அந்த வீட்டுக்கு நம்மில் எவரேனும் முன்னரே சென்றிருந்தோமா? அந்த நோயாளியின் பெயர் நமக்குத் தெரியுமா? எல்லாவற்றையும் தாமே சுமக்கும் தந்தையைக் கண்டு மகிழ்கிறோமே, அது அவர்மேல் கொண்ட அன்பா, நம் வசதியா?

பொதுநிலையினரோடு சேர்ந்து நடக்கும் திருச்சபையைக் குறித்து 2021 முதல் 2024 வரை உலக ஆயர் மாமன்றம் சிந்தித்தது. ஏடுகளில் எழுதப்படுவது எளிது. திபிரின் மேசையில் அதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது, எவ்வளவு மனவருத்தம் நேர்ந்தது, எத்தனை முறை தலைவர் வாய்மூடிக் கேட்கவேண்டியிருந்தது என்பதைப் படம் காட்டுகிறது. தலைவர் கேட்கக் கற்றார் என்பது ஒரு பாதி. அவரிடம் நீர் தனியே முடிவெடுத்தீர் என்று முகத்துக்கு நேரே சொல்லவும், சொன்னபின் அவரைவிட்டு அகலாமல் அதே மேசையில் அமர்ந்து உண்ணவும் ஒரு சகோதரர் இருந்தார் என்பது மறு பாதி. நம் பங்குகளில் முதற்பாதி இல்லையே என்று நாம் அடிக்கடி குறைப்படுகிறோம். மறு பாதி நம் கையில் இருக்கிறது.

வாய்ப்புள்ளோர் இப்படத்தைப் பங்கில் கூட்டாய்ப் பாருங்கள். பார்த்தபின் உடனே கலைந்துவிடாதீர்கள். ஒரு மேசையைச் சுற்றிச் சற்று அமருங்கள். இளையவர் முதலில் பேசட்டும்.